அவுலி இறக்கத்தில் நான், பத்ரியில் அவர்

கோடையில் பனிமலைக் கிராமத்துக்குப் போய் சைக்கிள் ஓட்டவேண்டும் என்று கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒருத்தி ஆசைப்பட்டால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். போய் வந்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் என் பழைய கோயில் பயணப் பதிவுகளைப் படிக்கும் இரண்டு பேர், தாங்களும் அப்படி ஒரு திட்டம் வைத்திருப்பதாகவும் விவரம் எழுதும்படியும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இது. செலவுகள் எல்லாம் 2008 மே, ஜூன் நிலவரம்.

அவுலி, உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் சின்ன ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருவார்கள். பனி உருகியதும் அந்தச் சரிவெல்லாம் புல்வெளி ஆகிவிடும். பத்ரிநாத்துக்கு எங்கே பஸ் மாறவேண்டும் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. பச்சைச் சரிவில் ஒருவர் கியர் சைக்கிளில் இறங்கி வருகிறார். பின்னால், பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றும் கம்பி நாற்காலிகள் ஆள் இல்லாமல் தொங்குகின்றன. அவர் பெடலை மிதிக்கவில்லை. கால்கள் சும்மா இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டே இருந்தது அந்தக் கால்களைத்தான். எங்கள் ஊரில் மிதிக்காமல் சைக்கிள் ஓரடி நகராது.

மாமியார் பத்து வருடம் படுக்கையில் இருந்தார். பக்கவாதம். அவர் கண்ணயரும் முக்கால் மணி நேரத்தில்தான் ரேஷன், மார்க்கெட், கோயில் எல்லாம். திரும்பும் நேரத்தை மனதுக்குள் போட்டுப் பார்க்காமல் அந்தப் பத்து வருடத்தில் நான் சைக்கிளில் ஏறியதே கிடையாது. போன வருடம் அவர் காலமானார். பத்ரியில் பிரம்மகபாலம் என்ற இடத்தில் தாய்க்குப் பிண்டம் வைத்தால் விசேஷம் என்பதால், போகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். அவர் சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் சூப்பர்வைசர். பதினோரு நாள் லீவு கேட்டு வாங்கினார். நான் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"பெருமாளுக்கு ரெண்டு நாளு, ஒனக்கு ஒரு நாளா?" என்றார்.

"ஆமா. போற வழியிலதாங்க கீது."

"வழியில கீதுன்றதுக்காக எல்லா ஊர்லயும் எறங்க முடியுமா? சரி, போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். வெள்ளி கிளம்பினால் ஞாயிறு டெல்லி, அன்றிரவு ஹரித்வார், திங்கள் ஜோஷிமட். செவ்வாய் பத்ரியில் தரிசனம், புதன் காலை பிண்டம் வைத்துவிட்டுச் சாயங்காலம் ஜோஷிமட். வியாழன் அவுலி. வெள்ளி விடியலில் இறங்கத் தொடங்கினால் சனி இரவு டெல்லியில் ரயில். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு அதில் பெருமைகூட.

அடுத்தது பயிற்சி. கும்மிடிப்பூண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல ஏரிக்கரையையும் மேம்பாலத்தையும் விட்டால் ஒன்றும் இல்லை. நான் பாலத்தைப் பிடித்துக்கொண்டேன். மார்ச்சிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு, கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு மிதித்து ஏறுவேன். உச்சியில் இறங்கி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு கீழே வருவேன். மறுபடி ஏறுவேன். தள்ளிக்கொண்டு இறங்கியதற்குக் காரணம் உண்டு. இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள் பாலத்தின் அடியில்தான் திரும்பும். ஏறி உட்கார்ந்து இறங்கினால் நேராக அதன் சக்கரத்துக்குத்தான் போகவேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருமே அந்தப் பாலத்தில் அப்படித்தான் இறங்குவார்கள்.

பாலத்தின் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேனுக்கு என்னைப் பார்ப்பதே காலைப் பொழுதுபோக்கு.

"இன்னாக்கா, டெய்லி பாலத்த அளந்துகினு கீறீங்க? கான்ட்ராக்ட் எடுக்கப் போறீங்களா?"

"மலைக்குப் போறம்பா. சைக்கிள்ல."

"அரிசிய எதுக்கு எட்துனு போறீங்க? அங்க போய் பொங்கித் துன்னவா?"

ஹிந்தி கற்றுக்கொள்ள வெளியே தேடவேண்டி இருக்கவில்லை. பக்கத்து லைன் வீட்டில் பீகார்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டு சுனிதாவுக்கு நான் மளிகைக் கடைத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு பஸ் ஸ்டாண்டு ஹிந்தி சொல்லிக்கொடுத்தாள். விலை கேட்க, வழி கேட்க, சண்டை போட, மூன்றுக்கும் போதுமான அளவுக்கு வந்தது.

இனி வழி விவரம். லோக்கல் ரயிலில் சென்ட்ரல், பத்து ரூபாய். டெல்லி ரயில் இரவு பத்துக்கு. ஸ்லீப்பரில் ஒருவருக்கு ஐநூற்று இருபத்தைந்து. மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். முதல் நாளுக்குப் புளிசாதம், இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். நாக்பூருக்கு மேலே வெயில் ஜன்னல் கம்பியைத் தொடவிடாது. ஈரத் துண்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஏழேகாலுக்கு டெல்லி. அங்கிருந்து ஹரித்வார் பஸ் ஆறு மணி நேரம், நூற்று ஐம்பது. தர்மசாலை அறை இருநூறு. கங்கையில் இறங்கியதும் வெயில், ரயில், இடுப்புவலி எல்லாம் போய்விட்டது. அதற்குக் கணக்கு கிடையாது.

திங்கள் காலை ஐந்து மணிக்கு ஜோஷிமட் பஸ். இருநூற்று எழுபத்தாறு கிலோமீட்டர், இருநூற்று நாற்பது ரூபாய், பதினொன்றரை மணி நேரம். தேவப்பிரயாகையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பச்சை ஆறும் பழுப்பு ஆறும் சேரும் இடம் ரோட்டிலிருந்தே தெரிகிறது. அங்கே இருக்கும் பெருமாளையும் ஆழ்வார்கள் திவ்ய தேசத்தில் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். இறங்கிப் போக நேரம் இல்லாததால் ரோட்டோரத்தில் நின்றே கும்பிட்டுக்கொண்டேன். வளைவில் வயிறு புரட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். இவர் இரண்டு பழத்தை முகர்ந்து முகர்ந்தே தீர்த்தார்.

ஜோஷிமட் ஆறாயிரம் அடி உயரம். லாட்ஜ் ஒரு நாளைக்கு முந்நூறு. ஊருக்கு மேலே, மலையின் முதுகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோப்கார் பெட்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போகும் இடம்தான் அவுலி. அண்ணாந்து பார்த்தேன். மூன்று நாள் பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவு மழை. செவ்வாய் காலை ஆறு மணிக்குள் பத்ரி போகும் ஜீப்பில் ஏறிவிட்டோம், ஆளுக்கு அறுபது ரூபாய். இங்கிருந்து பத்ரி நாற்பத்தைந்து கிலோமீட்டர். பாதை குறுகல் என்பதால் போலீஸ்காரர்கள் நேரம் வைத்து ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விடுவார்கள். அதற்குக் கேட் என்று பெயர். நாங்கள் போன நேரம் கேட் மூடியிருந்தது. பாண்டுகேஷ்வர் பக்கம் பாறை விழுந்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்றார் டிரைவர். ஏழு மணிக்கும் அதைத்தான் சொன்னார். பத்து மணிக்கும் அதைத்தான் சொன்னார். வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். தூறலில் ஜீப்புக்குள்ளேயே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னாடா இவன்," என்றார் இவர் என்னிடம். "காலைலருந்து ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம்னுகினே கீறான். அவன் வாட்சுல முள்ளே இல்லியா?"

சாயங்காலம் நாலு மணிக்கு, இனி நாளைக் காலைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் போயிற்று. புதன் ஏறினால் வியாழன் காலை பிண்டம், வியாழன் சாயங்காலம் இறக்கம், வெள்ளி விடியலில் பஸ். ரயில் டிக்கெட்டையும் லீவையும் நகர்த்த முடியாது. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அவுலி விழுந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரோப்கார் பெட்டி மேகத்துக்குள் போய் மறைந்தது, கொஞ்ச நேரத்தில் வேறொன்று வெளியே வந்தது. இவர் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ அங்க போ," என்றார்.

"எங்க?"

"இன்னா எங்க? காலைலருந்து கழுத்த ஒடிச்சிகினு எத்தப் பாத்துனு கீற? நாளைக்கு நான் மேல போறேன். நீ அவுலி போய்ட்டு வா. நாளான்னிக்கு வந்துர்றேன்."

"அத்தைக்கு செய்யறப்ப நான் பக்கத்துல இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

"எள்ளும் தண்ணியும் நான் பாத்துக்கறேன். மத்ததெல்லாம் நீ செஞ்சாச்சு."

என் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷம் மட்டும் வரவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றி நான் சொல்லும் பெயர்களில் பத்ரி உண்டு. அந்தப் பெயருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் கிட்டே வந்து, சைக்கிளுக்காகத் திரும்புகிறேனா? ஜோஷிமட்டிலேயே இருக்கும் நரசிம்மர் கோயிலுக்குப் போய் நின்றேன். குளிர்காலத்தில் பத்ரி கோயிலை மூடியதும் பூஜை இங்கேதான் நடக்கும் என்று அர்ச்சகர் சொன்னார். இப்போது பெருமாள் மேலே இருக்கிறார், நான் கீழே நிற்கிறேன். உத்தரவு எதுவும் கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

புதன் காலை இவரை ஜீப் ஏற்றிவிட்டு, நான் நேகியின் கடைக்குப் போனேன். நேகி குளிர்காலத்தில் பனிச்சறுக்கு சொல்லித்தருகிறவர். கோடையில் கியர் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார், ஸ்டவ்வும் ரிப்பேர் செய்கிறார். ஐம்பது வயது இருக்கும். சைக்கிளும் ஹெல்மெட்டும் ஒரு நாளைக்கு முந்நூறு, அவர் கூட வருவதற்கு இருநூறு, சைக்கிளைக் கூரையில் கட்டி மேலே கொண்டுபோகும் ஜீப்புக்கு முந்நூற்றைம்பது. சல்வாரின் கால் பக்கத்தை ரப்பர் பாண்டு போட்டு இறுக்கிக்கொண்டேன். பதினாலு கிலோமீட்டர் ரோட்டில் ஏறி எட்டு மணிக்கு அவுலி. இரண்டு நாள் மழையில் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. நந்தாதேவி சிகரம் வெள்ளையாக நின்றது. கம்பி நாற்காலிகள் படத்தில் பார்த்தபடியே தொங்கின.

எங்கே பழகினீர்கள் என்று நேகி கேட்டார். பாலத்தைச் சொன்னேன். அரிசிப் பையைச் சொன்னேன். தள்ளிக்கொண்டு இறங்குவதையும் சொன்னேன். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், பாபிஜி என்றால் அண்ணி: "பாபிஜி, நீங்க ஏறத்தான் பழகியிருக்கீங்க. இங்க ஏறுறதுக்கு ஜீப் இருக்கு. இறங்குறதுக்குத்தான் ஆள் வேணும்."

மூன்று மாதம் விடியலில் எழுந்து நான் செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. மலை என்றால் ஏறுவதுதான் கஷ்டம் என்று தட்டை நிலத்துக்காரி நினைத்திருக்கிறேன்.

முதல் இறக்கத்தில் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்து, புல்லில் தலைகுப்புற விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. எழுந்ததும் பழக்க தோஷத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

"தள்ளிக்கிட்டுப் போக வாடகை எதுக்கு?" என்று நேகி கீழேயிருந்து கத்தினார். "ஒரு ஆட்டுக்குட்டி பிடிச்சுத் தர்றேன், கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போங்க!"

கோபம் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். பின் பிரேக்கை முதலில் தொடு, முன் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும், உடம்பைப் பின்னால் தள்ளு, முழங்கையை விறைக்காதே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மணி நேரம் அதே சரிவில் மேலும் கீழுமாக. அப்புறம்தான் பாதைக்கு விட்டார்.

ஒரு வளைவில் நிறுத்தி, கீழே பாருங்கள் என்றார். ஆழத்தில் அலக்நந்தா. அதன் ஓரத்தில் பத்ரி ரோடு ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. கேட் திறந்துவிட்டார்கள் போல. ஜீப்புகளும் பஸ்களும் கடுகு கொட்டியது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து அந்தத் துண்டைக் கடந்து மலைக்குப் பின்னால் போயின. அதில் ஒன்றில் இவர். கூப்பிட்டால் கேட்காது. கைப்பிடியை விட்டுவிட்டுக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள், போகிறவரையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு வந்த இறக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புல்வெளி முடிந்து மரங்களுக்குள் பாதை நுழைகிறது. காதில் காற்று மட்டும். கால்கள் பெடலின் மேல் சும்மா இருந்தன. வீட்டில் யாரும் விழித்துக்கொள்ளப் போவதில்லை, எத்தனை மணி என்று பார்க்கவேண்டியதில்லை. சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஓர் இடத்தில் சத்தமாகச் சிரித்தேன் என்று நேகி பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. பதினொன்றேகாலுக்கு ஜோஷிமட் வந்துவிட்டோம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இரண்டு கையும் மணிக்கட்டுவரை மரத்துப்போயிருந்தன.

அன்று சாயங்காலமே எனக்குப் பேராசை வந்தது. நாளைக் காலை முதல் கேட்டில் ஏறினால் ஒன்பது மணிக்குப் பத்ரி. பிண்டம் வைக்கும்போது பக்கத்தில் நிற்கலாம், தரிசனம் செய்யலாம், இவரோடேயே இறங்கலாம். இரண்டும் கிடைத்துவிடும்! வியாழன் காலை ஐந்தரைக்கே கேட்டில் போய் நின்றேன். போலீஸ்காரர் கையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து மேலே மாட்டிக்கொண்டவர்கள் நிறைய, அவர்களை இறக்கிய பிறகுதான் மேலே விடுவோம், மதியம் ஆகும் என்றார். சுனிதா சொல்லித்தந்த சண்டை ஹிந்தியை எல்லாம் செலவழித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஏறினால் அன்று திரும்ப முடியாது. அது தெரிந்தும் லாட்ஜுக்குப் போக மனம் வரவில்லை. வண்டிகள் இறங்கி வந்தபடி இருந்தன. உள்ளே எல்லோர் நெற்றியிலும் சந்தனம், மடியில் துளசி மாலை. அவர்கள் பார்த்துவிட்டு வந்த கண்களை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. ஒரு மணி வாக்கில் ஒரு ஜீப் நின்றது. இவர் தலையை வெளியே நீட்டினார்.

"எப்டி கீறாரு?" என்று நான் கேட்டேன்.

அதே நேரம் அவரும் கேட்டார்: "எப்டி இருந்துச்சி?"

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்ததும் இவர்தான் முதலில் சொன்னார்.

"அங்க பூஜை செய்றவரு தமிழ் பேசறாரு. சம்சாரம் எங்கன்னு கேட்டாரு. அவுலில சைக்கிள் உட்டுனு கீது சாமின்னேன். மந்திரத்த நிறுத்திட்டு என் மூஞ்சியே பாத்தாரு."

"ஐயையோ. அப்புறம்?"

"அவ மனசால இங்க கீறான்னு நெனச்சிக்கன்னாரு. நெனச்சிக்கினேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "காலைல எட்டு மணி இருக்கும். நீ இருந்தியா?"

"இருந்தேங்க. அஞ்சரைலருந்து இதே எடத்துலதான் நின்னுகினு கீறேன்."

அவர் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்துத் துளசியையும் கடலைப்பருப்பையும் என் கையில் வைத்தார். கை இன்னும் முழுதாக மூடவில்லை. ஒரு பருப்பு கீழே விழுந்தது, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மே கடைசி, ஜூன் முதல் வாரம் சரியான நேரம். மழைக்காலம் பிடித்துவிட்டால் போகாதீர்கள். சைக்கிளை இங்கிருந்து சுமக்கவேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் நீங்களே பிடித்துப் பாருங்கள். கையுறை கட்டாயம். ஊரில் ஏறப் பழகியது போதும், இறங்கப் பழகுங்கள். வண்டி வராத சரிவு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், எங்கள் பக்கத்தவர் என்றால் ஏரிக்கரை பரவாயில்லை. இருவருக்கும் போகவர, சாப்பாடு தங்கல் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூறு ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஜோஷிமட்டில் வேலையே இல்லாத ஒரு நாளைத் திட்டத்தில் வையுங்கள். வீணாய்ப் போகிறதே என்று அந்த நாளைத் திட்டத்திலிருந்து அடித்துவிடாதீர்கள். நான் அடித்தேன்.

திரும்பி வரும் ரயிலில் இரண்டு ராத்திரியும் நான் இவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பெருமாள் என்ன உடுத்தியிருந்தார், என்ன பூ, விளக்கு எந்தப் பக்கம் என்று. "கூட்டத்துல இன்னா தெரியும்? கறுப்பா, சின்னதா உக்காந்துகினு கீறாரு. நெத்தியில இன்னாவோ ஒண்ணு மின்னிச்சி," என்கிறார். கல்லா, விளக்கின் ஒளியா என்றால் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் வேலையிலிருந்து வந்து சாப்பிடும்போது கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலயே என்றார். அதை நான்தான் போய்ப் பார்க்கவேண்டும்.